மாமாவின் பெட்டியில் சிவப்பு உறை வட்டுகள்: எச்டி டிவிடி ஏன் இல்லாமல் போனது?

உவர்மலையான்

எல்லோருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் பெரிய மாமா வீடு மாறுகிறார். சின்ன வீட்டுக்குப் போவதால் மிஞ்சின சாமான்களை ஒரு பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பியிருந்தார். போன கிழமைதான் பெட்டி திருகோணமலை உவர்மலைக்கு வந்து சேர்ந்தது. சொக்லேற், சவர்க்காரம், சப்பாத்து எல்லாம் அம்மா எடுத்த பிறகு அடியில் கிடந்தது என் பங்கு: தொஷிபா எச்டி-ஏ2 என்று எழுதிய ஒரு பிளேயர், சிவப்புப் பிளாஸ்ரிக் உறையில் 14 ஆங்கிலப் படங்கள். உறையின் மேல்பக்கம் 'எச்டி டிவிடி' என்று இருக்கிறது.

வட்டு பார்க்க டிவிடி மாதிரியே இருக்கிறது. எங்கள் புளூ-ரே பிளேயரில் போட்டால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வெளியே தள்ளுகிறது. லப்டொப்பும் அப்படித்தான். இது என்ன சாதி வட்டு? நல்ல கம்பனிதானே செய்தது, பிறகு ஏன் யாருக்கும் தெரியாமல் போனது? வைத்திருப்பதா, கழிப்பதா? பிளேயரை இன்னும் கரண்டில் செருகவில்லை.

டெக்_மெக்கானிக்

தம்பி, செருகாமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம். பிளேயரைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கனடாவில் வாங்கியது என்றால் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் என்றுதான் இருக்கும். நமக்கு 230. நேரே செருகினால் உள்ளே இருக்கும் மின்கொள்ளளவி ஒரு வெடி வெடித்துப் புகையோடு போய்விடும். வெளிநாட்டுப் பெட்டி வந்து இறங்கும் ஒவ்வொரு பருவத்திலும் அப்படி இரண்டு மூன்று என் மேசைக்கு வரும். சந்தோஷமாகக் கொண்டுவந்து வைப்பார்கள், மூடியைக் கழற்றினாலே மணத்தில் தெரிந்துவிடும்.

230-ஐ 110 ஆக இறக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று வாங்குங்கள். 200 வாற் தாராளம். எச்டிஎம்ஐ வயரில் ரீவிக்குக் கொடுங்கள். இப்போதைய ரீவி 60 ஹேர்ட்ஸ் படத்தை வாங்கிக் கொள்ளும்.

ரொறன்ரோ_கோணமலை

தம்பி, உங்கள் மாமா வாங்கிய காலத்தில்தான் நானும் வாங்கினேன். அதனால் இந்தக் கதையை நான் சொல்கிறேன்.

டிவிடிக்கு அடுத்ததாக, இன்னும் தெளிவான படத்துக்கு இரண்டு வட்டுகள் போட்டிக்கு வந்தன: எச்டி டிவிடி, புளூ-ரே. 2006 வசந்தத்தில் தொஷிபா முதல் எச்டி டிவிடி பிளேயரை இறக்கியது. அமெரிக்க விலை 499 டொலர். இரண்டு மாதம் கழித்து, ஜூனில், சம்சுங்கின் முதல் புளூ-ரே பிளேயர் வந்தது, 999 டொலர். தொஷிபா பக்கம் என்ஈசி, மைக்ரோசொஃப்ட், இன்டெல் நின்றன. மறுபக்கம் சோனி, பனசொனிக், பிலிப்ஸ், பயனியர், சம்சுங். படக் கம்பனிகளும் பிரிந்தன. யூனிவர்சல் எச்டி டிவிடியில் மட்டும், டிஸ்னியும் ஃபொக்ஸும் புளூ-ரேயில் மட்டும். வார்னர் இரண்டிலும் வெளியிட்டது. பரமவுண்டும் முதலில் இரண்டிலும் விட்டு, 2007 ஆகஸ்டில் எச்டி டிவிடி பக்கம் முழுதாகச் சாய்ந்தது. அந்தச் சாய்வுக்குப் பின்னால் பரமவுண்டுக்கும் ட்ரீம்வேர்க்ஸுக்குமாக 15 கோடி டொலர் கொடுக்கப்பட்டதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது.

நான் வாங்கியது 2007 டிசம்பர், நத்தார் மலிவில். 2008 ஜனவரி 4 வார்னர் ஒரு அறிவிப்பு விட்டது: இனிமேல் புளூ-ரே மட்டும். லாஸ் வேகாசில் நடக்க இருந்த கண்காட்சியில் எச்டி டிவிடிக்காரர்கள் கூட்டியிருந்த பத்திரிகையாளர் சந்திப்பு அப்படியே இரத்து. பெப்ரவரி 11 அப்போது வட்டு வாடகைக்கு விட்ட நெற்ஃபிளிக்ஸ் கைவிட்டது, 15 வோல்மார்ட் கடைகள் கைவிட்டன, 19ஆம் தேதி தொஷிபாவே நிறுத்துகிறோம் என்றது. 46 நாள். கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன், எடுக்கமாட்டோம் என்றார்கள்.

ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். தோற்றதுதான் வாங்கும் சனத்துக்கு நியாயமான வட்டு. விலை குறைவு. பிராந்தியக் குறி கிடையாது, உலகத்தில் எங்கே வாங்கினாலும் எங்கேயும் ஓடும். இணைய வசதி முதல் பிளேயரிலிருந்தே கட்டாயம். புளூ-ரேயின் ஆரம்பப் பிளேயர்களில் அது இல்லை, விதியைப் பிறகு பிறகு திருத்தினார்கள். படக் கம்பனிகள் ஒரு மூலையில் பேசி முடித்ததைச் சனம் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லக் கூடாது.

கோணேசபுரி_மாணவி

அண்ணா, நான் வளாகத்தில் பௌதிகம் படிக்கிறேன். கம்பனிகளின் பேரம் எனக்குத் தெரியாது, வட்டைப் பற்றிச் சொல்லலாம்.

இரண்டும் 405 நனோமீற்றர் நீல ஊதா லேசர்தான். டிவிடி 650, சிவப்பு. ஆனால் ஒளிப்புள்ளி எவ்வளவு சிறியது என்பது அலைநீளத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. வில்லை எவ்வளவு அகலக் கோணத்தில் ஒளியைக் குவிக்கிறது என்பதற்கும் ஒரு எண் உண்டு. டிவிடிக்கு அது 0.60, எச்டி டிவிடிக்கு 0.65, புளூ-ரேக்கு 0.85. அலைநீளத்தை அந்த எண்ணால் பிரியுங்கள்: டிவிடி 1083, எச்டி டிவிடி 623, புளூ-ரே 476. இது புள்ளியின் அகலம். பரப்பளவுக்கு வர்க்கம் எடுத்தால் டிவிடியின் இடத்தில் எச்டி டிவிடியின் புள்ளி 3, புளூ-ரேயின் புள்ளி 5க்குக் கொஞ்சம் மேல் அடங்கும். டிவிடி ஒரு அடுக்கு 4.7 ஜிபி. மூன்றால் பெருக்கினால் 14, ஐந்து சொச்சத்தால் பெருக்கினால் 24 சொச்சம். உண்மையான கொள்ளளவு 15, 25. கொப்பியில் இதைப் போட்டு விடை கிட்டத்தட்டப் பொருந்தியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சரி, தொஷிபா ஏன் 0.85க்குப் போகவில்லை? அந்த எண் கூடினால் வட்டு இம்மி சாய்ந்தாலும் புள்ளி கலங்கும். கலங்கல் எண்ணின் மும்மடியோடு ஏறும், மேலே இருக்கும் பிளாஸ்ரிக்கின் தடிப்போடும் ஏறும். அதனால் புளூ-ரே தகவல் அடுக்கை மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீற்றரில் வைத்தது. எச்டி டிவிடி பழைய டிவிடி மாதிரியே 0.6இல் வைத்தது. அப்படி வைத்ததால் இருந்த டிவிடி அச்சு இயந்திரங்களைக் கொஞ்சம் மாற்றியே அடிக்க முடிந்தது. மலிவின் இரகசியம் அதுதான், அண்ணா. அந்த மலிவுக்குக் கொடுத்த விலைதான் கொள்ளளவு. இரண்டடுக்கில் 30க்கு எதிரே 50.

ரொறன்ரோ_கோணமலை

கணக்கு அழகு, தங்கச்சி. ஆனால் ஒரு படத்துக்கு 30 ஜிபி போதுமாகத்தான் இருந்தது. புதிய சுருக்க முறைகளை இரண்டு வட்டுமே எடுத்துக் கொண்டன. இரண்டிலும் வந்த ஒரே படத்தை நான் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன், வித்தியாசம் பிடிக்க முடியவில்லை. அத்தோடு 0.1 மில்லிமீற்றர் என்றால் விரல் பட்டாலே ஆபத்து. முதலில் உறைக்குள் பூட்டித்தான் புளூ-ரே வட்டை வெளியே விட்டார்கள். ரீடிகே கம்பனியின் கடினப் பூச்சு வந்த பிறகுதான் வட்டு வெறுமனே வெளியே வந்தது.

கிண்ணியா_நானா

நான் அந்த நேரம் சவூதியில் ஒரு எலக்ரோனிக் கடையில் நின்றவன். படக் கம்பனி, லேசர் எல்லாம் இரண்டு பேரும் சொல்லிவிட்டீர்கள். கடைக்குள் நின்று பார்த்ததை நான் சொல்கிறேன்.

பிளேஸ்டேசன் 3, சோனியின் விளையாட்டுப் பெட்டி. அவ்வளவுதான். 2006 நவம்பரில் அது வந்தபோது உள்ளேயே புளூ-ரே இருந்தது. அமெரிக்க விலை 499, 599 டொலர், சோனிக்கு அந்த விலையிலும் நட்டம்தான். விளையாட வாங்கியவன் வீட்டில் புளூ-ரே பிளேயர் தானாக வந்து இருந்தது. மைக்ரோசொஃப்ட் தன் விளையாட்டுப் பெட்டியான எக்ஸ்பொக்ஸ் 360க்கு எச்டி டிவிடியைத் தனிப் பெட்டியாக 199 டொலருக்கு விற்றது. தனியாக விற்பதை எத்தனை பேர் வாங்குவான்? நான் என் அறைத் தோழர்களோடு சேர்ந்து வாங்கிய முதல் புளூ-ரேயும் பிளேஸ்டேசன்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால் ஏழு பேர் பாயில் இருந்து பார்ப்போம்.

பிராந்தியக் குறி பற்றிக் கோணமலை அண்ணன் சொன்னதற்கு நான் சாட்சி. 2010இல் ஊருக்கு வரும்போது அங்கிருந்து ஒரு பிளேயர் கொண்டுவந்தேன். மத்திய கிழக்கு பி பிராந்தியம். இலங்கையும் இந்தியாவும் சி. சென்னைக்குப் போன மச்சான் வாங்கிவந்த மூன்று ஆங்கிலப் படத்தில் ஒன்றுகூட அதில் ஓடவில்லை. காசு கொடுத்து வாங்கிய அசல் வட்டு, காசு கொடுத்து வாங்கிய அசல் பிளேயர், நடுவில் ஒரு எழுத்து. பிள்ளைகள் புதுப் படம் என்று சுற்றி இருந்தார்கள். அன்றைக்குப் பட்ட கவலை இன்னும் இருக்கிறது.

டெக்_மெக்கானிக்

நீங்கள் எல்லோரும் சொல்லும் 2006 எனக்கு வேறு மாதிரி ஞாபகம். ஆகஸ்டில் சண்டையால் மூதூர்ச் சனம் கந்தளாய்க்கு நடந்து வந்த ஆண்டு. கடையைப் பாதி நாள் திறந்தோம், பாதி நாள் பூட்டினோம். நீல லேசரை நாங்கள் கண்டது எல்லாம் முடிந்த பிறகு.

திருகோணமலையில் வென்றது எது என்று கேட்டால் சொல்கிறேன். முதலில் விஎச்எஸ் வீடியோ கசெட். அதற்குப் போட்டியாக இருந்த பீற்றாமக்ஸ் என் கைக்கு மொத்தமாக இரண்டோ மூன்றோதான் வந்தது. பீற்றாமக்ஸ் 1975, விஎச்எஸ் 1976. படம் பீற்றாமக்ஸில் சுத்தம் என்பார்கள், ஆனால் ஆரம்பத்தில் ஒரு கசெட்டில் ஒரு மணித்தியாலம்தான். விஎச்எஸ்ஸில் இரண்டு. இரண்டரை மணித்தியாலத் தமிழ்ப் படம் பார்க்கிற நமக்கு அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்? டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் பிடித்து, முற்றத்தில் விடிய விடிய மூன்று படம் ஓடும். அதற்குப் பிறகு விசிடி, ஒரு படத்துக்கு இரண்டு மூன்று வட்டு. அதற்குப் பிறகு டிவிடி, ஒரே வட்டில் ஐந்து படம் சுருக்கி அடித்தது. புளூ-ரே வந்து சேரும் முன்னரே யூஎஸ்பி துளை வைத்த பிளேயர் வந்துவிட்டது. எச்டி டிவிடி பிளேயர் ஒன்றை நான் இந்த ஊரில் கண்டதே இல்லை. தம்பி, உங்களுடையதை ஒருநாள் காட்டுங்கள்.

நிலாவெளி_கமரா

எல்லோரும் படம் பார்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இது தொழில். கல்யாண வீடியோ.

2009இலேயே எச்டி கமராவில் எடுக்கத் தொடங்கிவிட்டேன். ஆனால் கையில் கொடுத்தது டிவிடி. 1080 வரியில் எடுத்த கூறைச் சேலையின் கரையை 576 வரிக்கு இறக்கும்போது ஒவ்வொரு முறையும் மனம் கசந்தது. யாரிடமும் புளூ-ரே பிளேயர் இல்லை, என்ன செய்வது? லண்டனிலிருந்து வந்த ஒரு குடும்பம் மட்டும் கேட்டார்கள், 2012. அதுதான் நான் முதலில் எழுதிய 25 ஜிபி வட்டு. இன்றைக்கும் ஓடுகிறது என்று போன வருடம் அந்தப் பிள்ளை எழுதினாள். அதே காலத்து எழுதும் டிவிடிகளில் பாதி போய்விட்டன. டிவிடியில் எழுதும் அடுக்கு சாயம், வெயிலுக்கும் வெக்கைக்கும் வெளிறும். புளூ-ரே எழுதும் வட்டுகளில் பெரும்பாலானவை உலோகச் சேர்மம். கடற்கரையில் இருக்கும் எனக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே வென்றது புளூ-ரே என்பதில் நிம்மதி.

2025 பெப்ரவரியோடு சோனி எழுதும் புளூ-ரே வட்டு செய்வதை நிறுத்திவிட்டது. வேறு கம்பனிகள் செய்கின்றன. நான் இரண்டு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

உவர்மலையான்

எல்லோருக்கும் பெரிய நன்றி. மெக்கானிக் ஐயா சொன்ன மாதிரியே பின்பக்கம் 120 வோல்ற் என்று இருக்கிறது. ட்ரான்ஸ்ஃபோமர் வாங்கிப் போட்டேன். ஓடுகிறது! பதினொரு படம் சுத்தமாக ஓடுகிறது. மூன்று வட்டு நடுவில் நின்றுவிடுகிறது, கீறல் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. சப்பாத்துப் பெட்டி ஒன்றுக்குள் ஒரு விஎச்எஸ் கசெட் இருந்தது. மாமாவின் கையெழுத்தில் 'கல்யாணம் 1988'. பத்திரகாளி அம்மன் கோவிலில் நடந்த கல்யாணம், அம்மாவுக்கு அப்போது 16 வயது. இதை எங்கே போட்டுப் பார்க்கலாம்?

டெக்_மெக்கானிக்

எங்கேயும் போடாதீர்கள்! முதலில் கசெட்டின் மூடியைப் பக்கத்துப் பொத்தானை அழுத்தித் தூக்கி, ரோச் அடித்து நாடாவைப் பாருங்கள். பிறகு கண்ணாடிப் பக்கத்தால் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாக மா தூவினது மாதிரி பூஞ்சணம் இருக்கிறதா?

நின்றுவிடும் வட்டுகளுக்கு வழி இல்லை, தம்பி. ஒட்டிய அடுக்குக்குள் பழுது வந்திருக்கும். துடைத்துப் பயன் இல்லை.

உவர்மலையான்

ஓம் ஐயா. ஒரு பக்கச் சுருளில் நகம் அளவு வெள்ளை இருக்கிறது.

ரொறன்ரோ_கோணமலை

தம்பி, ஒரு விஷயம் யோசித்தீர்களா? இங்கே இருப்பது என்ரிஎஸ்சி (NTSC) என்ற ரீவி முறைக்கான டெக், 525 வரி. அந்தக் கசெட் திருகோணமலையில் பதிந்தது, பால் (PAL) என்ற நம்மூர் முறை, 625 வரி. உங்கள் மாமா இங்கே அதைப் பார்த்திருக்கவே முடியாது.

உவர்மலையான்

இப்போதுதான் மாமாவோடு கதைத்தேன், அண்ணை. நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. 1989இல் புறப்படுவதற்கு முதல்நாள் இரவு வாடகை டெக்கில் ஒரு தரம் பார்த்தாராம். அங்கே போய் டெக் வாங்கிப் போட்டால் கறுப்பு வெள்ளைக் கோடுகள் உருண்டு உருண்டு போனதாம். மாற்றித் தரும் கடைகள் இருந்தனவாம், ஆனால் ஒரே ஒரு பிரதி, கொடுக்கப் பயம். மாமி இறந்து நாலு வருடம் ஆகிறது. மாமா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நிலாவெளி_கமரா

தம்பி, அந்தக் கசெட்டை ஒரு துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். மெக்கானிக் ஐயாவிடம் நல்ல பால் டெக் இருக்கும். பதிவு செய்யும் கருவியை நான் கொண்டு வருகிறேன். சுனாமிக்குப் பிறகு நிலாவெளியில் சேற்றிலிருந்து எடுத்த ஒரு கசெட்டை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் நாடாவை விரித்துக் காயவைத்து, ஒரே ஒரு தரம் ஓட்டிப் பதிந்திருக்கிறேன். இது அதைவிட இலகு.

டெக்_மெக்கானிக்

ஞாயிறு பின்னேரம் கடையைப் பூட்டிய பிறகு வாருங்கள். கசெட்டின் ஐந்து ஆணியைக் கழற்றி, சுருளை வேறு கசெட் கூட்டுக்கு மாற்றி, நூல் விடாத துணியில் கையால் சுற்றித் துடைக்க வேண்டும். வெளியே வைத்து, மூக்கைக் கட்டிக் கொண்டு செய்யும் வேலை, அந்தத் தூள் கூடாது. டெக்கின் பெல்ற் எல்லாம் போன மாதம்தான் மாற்றினேன். பழைய பெல்ற் தார் மாதிரி உருகிப் போயிருந்தது.

கோணேசபுரி_மாணவி

நானும் வரலாமா? சுழலும் ஹெட் எப்படி நாடாவைச் சாய்வாகப் படிக்கிறது என்று புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

டெக்_மெக்கானிக்

வாருங்கள் பிள்ளை. மூடியைத் திறந்து வைத்தே ஓட்டுகிறேன்.

உவர்மலையான்

ஞாயிறு நடந்ததைக் கேட்டவர்களுக்கு.

சுருளைத் துடைக்கவே ஒரு மணித்தியாலம். துணி மூன்று மாற்றினோம். ஐந்தரைக்கு ஓட்டத் தொடங்கினோம், அங்கே காலை எட்டு. மாமாவை ஃபோனில் எடுத்து ரீவிக்கு நேரே பிடித்தேன். முதல் ஒரு நிமிடம் பனி மாதிரி. ஐயா டெக்கின் முன்பக்கத்துச் சின்னக் குமிழை மெல்லத் திருப்பினார். தவில்காரரின் கைதான் முதலில் தெளிந்தது. பிறகு கோவில் வாசல், பிறகு மாமி காரிலிருந்து இறங்குகிறார், சேலைத் தலைப்பு கதவில் மாட்ட, அம்மா ஓடிவந்து எடுத்துவிடுகிறாள். பாவாடை தாவணி. அம்மா என் பக்கத்தில் நின்று, "அந்தக் கதவு பூட்டு சரியில்லாத கார்" என்றாள். மாமா ஃபோனில் மூன்று மணித்தியாலமும் ஒரு சொல் பேசவில்லை, வைக்கவும் இல்லை.

நிலாவெளி_கமரா

அதிகம் சுருக்காமல் பதிந்தேன், மணித்தியாலத்துக்கு 13 ஜிபி. மூன்று மணித்தியாலம் 39. மாணவியின் கணக்குப்படி 30 ஜிபி வட்டில் இது அடங்காது. 50 ஜிபி புளூ-ரேயில் எழுதிவிட்டேன். இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கிறது.

உவர்மலையான்

நன்றி அக்கா. மாமாவுக்கும் ஒன்று அனுப்ப வேண்டும். அங்கே பிராந்தியக் குறி தடுக்குமா?

நிலாவெளி_கமரா

நாங்கள் எழுதும் வட்டுக்குப் பிராந்தியக் குறி கிடையாது. ஆனால் படம் 50 ஹேர்ட்ஸ், அங்குள்ள பிளேயர் பல அதை ஏற்காது. அதனால் வீடியோ வட்டாக எழுதவில்லை, கோப்பாகவே எழுதி வைத்திருக்கிறேன். புளூ-ரே ட்ரைவ் உள்ள கணினியில் போடச் சொல்லுங்கள். கோணமலை அண்ணன் பக்கத்தில்தானே இருக்கிறார்?

ரொறன்ரோ_கோணமலை

என்னிடம் ட்ரைவ் இருக்கிறது. மாமாவின் விலாசத்தைத் தனி மடலில் அனுப்புங்கள் தம்பி. வட்டு வந்து சேரும் நாளில் நானே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுகிறேன்.